அழைப்புக்குக் கீழ்ப்படிவது என்றால் வேலையை விடுவதுதானா?

காத்திருப்பவன் (கேள்வி)

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். நான் 11 ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்து வருகிறேன். முழுநேர ஊழியத்துக்குத் தேவன் என்னை அழைக்கிறார் என்ற பாரம் நெடுநாளாகவே என் உள்ளத்தில் இருக்கிறது. ஜெபிக்க ஜெபிக்க அது கூடுகிறதேயன்றிக் குறையவில்லை. ஆனால் படுக்கையில் இருக்கும் என் தாயாரைப் பார்த்துக்கொள்ள என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. அண்மையில் ஓர் உபவாசக் கூட்டத்தில் செய்தி கொடுத்தவர், அழைப்பைத் தள்ளிப்போடுகிற ஒவ்வொருவனும் தேவன் போகச் சொன்ன இடத்துக்குப் போகாமல் தர்ஷீசுக்குக் கப்பலேறி ஓடிய யோனாதான் என்றார். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நடக்காத செலவுகளுக்கு ரசீது தயாரித்துக் கணக்கில் சேர்க்கும்படி மூன்று மாதங்களாக என் மேலாளர் சொல்லி வருகிறார், நானும் செய்து வருகிறேன். இந்த இடத்தை விட்டு ஊழியத்துக்குப் போய்விட்டால் இந்தப் பாவத்திலிருந்தும் தப்பிவிடலாம் என்று மனம் சொல்கிறது. நான் இந்த வேலையில் நீடிப்பது கீழ்ப்படியாமையா?

ஓய்வுபெற்ற போதகர்

அன்பான சகோதரருக்கு, உங்களை யோனாவோடு ஒப்பிடுவது பொருந்தாது. யோனாவுக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. நினிவேக்குப் போ என்ற கட்டளை ஊர்ப்பெயரோடு தெளிவாக வந்தது, அதைக் கேட்ட பிறகுதான் அவன் யோப்பாவுக்குப் போய்க் கப்பல் தேடினான். உங்களுக்கு இருப்பது ஒரு பாரம். அது அழைப்பின் தொடக்கமாக இருக்கலாம், அதை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் தெளிவான கட்டளை ஒன்று உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. நடக்காத செலவுக்கு ரசீது எழுதலாமா என்று அறிந்துகொள்ள நீங்கள் உபவாசம் இருக்கத் தேவையில்லை.

ஆயக்காரரும் (வரி வசூலிப்பவர்களும்) போர்ச்சேவகரும், மனந்திரும்பும்படி பிரசங்கித்த யோவான் ஸ்நானகனிடம் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள் (லூக்கா 3). அந்நாளில் ஆயக்காரன் என்றாலே அநியாயமாய்ப் பணம் பறிப்பவன் என்றுதான் பெயர். இருந்தும் யோவான் ஆயத்துறையை விட்டுவிடச் சொல்லவில்லை. கட்டளையிடப்பட்டதற்கு மேல் ஒன்றும் வாங்காதீர்கள் என்றான். சேவகரிடம் இடுக்கண் செய்யாமலும் பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும் சம்பளமே போதுமென்று இருக்கச் சொன்னான். நாள்தோறும் எந்த மேசையில் உட்கார்ந்து தவறு செய்தார்களோ, அதே மேசையில்தான் மனந்திரும்புதலின் கனி காணப்படவேண்டும் என்பது அவனுடைய எதிர்பார்ப்பு. உங்கள் மேசையும் அப்படிப்பட்டது. அதைத் திருத்தாமல் ஊழியத்துக்குப் போனால் நீங்கள் அங்கிருந்து ஓடிவந்தவராகத்தான் இருப்பீர்கள். ஒருவேளை யோனாவின் கப்பல் உங்களுக்கு அதுதானோ என்று எனக்குத் தோன்றுகிறது. இதைக் கடிந்துகொள்வதற்காக எழுதவில்லை.

தாயாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பெற்றோருக்குச் செய்யவேண்டிய உதவியை, கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்களை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். தேவனுடைய பெயரைச் சொல்லித் தேவனுடைய கற்பனையையே மீறலாம் என்பது அங்கே வெளிப்படுகிறது.

துறவு மடத்தில் இருப்பவருக்கே அழைப்பு உண்டு என்று எண்ணப்பட்ட 16-ஆம் நூற்றாண்டில், குழந்தையைப் பேணும் பெற்றோரின் பணியும் தொழிலாளியின் பணியும் தேவனுடைய அழைப்பே என்று மார்ட்டின் லூத்தர் போதித்தார். 1 கொரிந்தியர் 7:20-ஐக் காட்டி, இருக்கிற நிலையை ஒருபோதும் மாற்றவே கூடாது என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அடிமையாக இருப்பவனிடம், விடுதலையாகக் கூடுமானால் ஆகு என்று பவுலே அடுத்த வசனத்தில் சொல்கிறார்.

இரவுப்பணிச் செவிலி

போதகர் ஐயா எழுதியதை என் வாழ்வில் அறிந்திருக்கிறேன். ஓர் இரவு, வேலை நெருக்கத்தில் ஒரு நோயாளியின் காய்ச்சலை அளவெடுக்காமலே குறிப்பேட்டில் ஓர் எண்ணை எழுதிவிட்டேன். மறுநாள் மிஷனெரிப் பணிக்கு என்னை ஒப்புக்கொடுப்பதாக ஜெபக்குழுவில் சாட்சி சொல்ல இருந்தேன். வாய் திறக்க முடியவில்லை. தலைமைச் செவிலியரிடம் போய் உண்மையைச் சொல்லிக் குறிப்பைத் திருத்திய பிறகுதான், எனக்கு ஜெபம் ஜெபமாக இருந்தது. சகோதரரே, மேலாளரிடம் நீண்ட விளக்கம் வேண்டாம். உண்மையான ரசீது இல்லாமல் இனி என்னால் பதிவு செய்ய இயலாது என்று பணிவாகச் சொன்னால் போதும். அதற்கு விலை கொடுக்க நேரிடலாம், அதை நான் மறைக்க விரும்பவில்லை.

அந்தியோகியா வாசகன்

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனாலும் இவற்றைப் படித்துவிட்டுச் சகோதரர் தம் பாரத்தை மூட்டைகட்டி வைத்துவிடக் கூடாதே என்று அஞ்சுகிறேன். ஆயக்காரனான சகேயு வீட்டிலிருந்தபடியே மனந்திரும்பினான், இன்னோர் ஆயக்காரனான லேவியோ இயேசு அழைத்ததும் ஆயத்துறையை விட்டு எழுந்து போனான். லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்தவன் சுகமானபின் இயேசுவோடு கூடவே வருவதாகக் கெஞ்சியும், உன் இனத்தாரிடத்திற்குப் போ என்று அனுப்பப்பட்டான். ஒரே ஆண்டவர்தான் ஒருவனை வரச் சொல்கிறார், ஒருவனைப் போகச் சொல்கிறார். எனவே இதைத் தனியாகத் தீர்மானிக்காதீர்கள். பர்னபாவையும் சவுலையும் ஆவியானவர் ஊழியத்துக்குப் பிரித்தெடுக்கச் சொன்னது அந்தியோகியா சபை கூடி உபவாசித்தபோதுதான் (அப்போஸ்தலர் 13). உங்களை ஆண்டுக்கணக்கில் அறிந்த மூப்பர்களிடம் பாரத்தைச் சொல்லுங்கள். வார இறுதியில் சபையில் ஒரு சிறு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

நெகேமியா எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்துகிடந்த நிலையைக் கேட்டு அழுத பிறகும் ஏறத்தாழ நான்கு மாதம் பாரசீக ராஜாவின் பானபாத்திரக்காரனாகவே இருந்தான். ராஜா கேட்டபோது, எத்தனை காலம் வேண்டும், யாருக்குக் கடிதம் வேண்டும், மரம் எங்கிருந்து வரவேண்டும் என்பதெல்லாம் அவனிடம் ஆயத்தமாக இருந்தது. அலங்கத்தைத் திரும்பக் கட்டும் வேலையோ 52 நாளில் முடிந்தது. அந்த நான்கு மாதத்தை யாரும் கீழ்ப்படியாமை என்று சொல்வதில்லை.

காத்திருப்பவன்

எல்லோருக்கும் நன்றி. யோனாவைப் பற்றிய வரியைப் படித்தபோது வலித்தது, ஆனால் அது உண்மை. மூன்று மாதத்துப் பதிவுகளை இன்று ஒரு தாளில் தனியே எழுதினேன், 14 இருக்கின்றன. நாளைக் காலை அந்தத் தாளோடு மேலாளரைப் பார்க்கப் போகிறேன். மூப்பர் ஒருவரிடம் ஞாயிறு மாலை பேச நேரம் கேட்டிருக்கிறேன். காலை பத்து மணிக்கு எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். என் தாயாரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.