புதுப்பிப்பு: கிரைஃபன்பர்க் போட்டி, மூன்றாம் நாள்

ஆஸ்திரியாவின் கிரைஃபன்பர்க்கில் ஹாங் கிளைடர் (எஞ்சின் இல்லாத இறக்கையின் கீழ் தொங்கியபடி பறப்பது) போட்டி, முதல் இரண்டு நாளும் முதல் திருப்புமுனைக்கு (பந்தயப் பாதையில் தொட்டுத் திரும்ப வேண்டிய இடம்) முன்பே வயலில் இறங்கிவிட்டேன், எங்கே தவறுகிறேன் என்று கேட்டிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி இது. பலரும் சொன்னது ஒன்றுதான்: முன்னால் போகிறவர்களைப் பார்த்து அவசரப்படாதே, உயரம் எடுக்காமல் மலையை விட்டு நகராதே.

சரி, அப்படியே செய்தேன். புறப்படும் மலையான எம்பெர்கர் ஆல்மிலிருந்து கிளம்பி, அங்கேயே தெர்மலில் (மேலெழும் சூடான காற்றில்) சுற்றிச் சுற்றி 2,800 மீட்டர் வந்த பிறகுதான் ட்ராவ் பள்ளத்தாக்கைக் கடந்தேன், எதிர்ப்பக்கம் மேற்கு வெயில் பட்ட பாறைமுகத்தை எட்டியதும் வேரியோ (மேலே ஏறும்போது ஒலி எழுப்பும் கருவி) மறுபடி கூவத் தொடங்கியது. அவ்வளவு சந்தோஷம்!

இறங்குவதுதான் கடினம். பிற்பகலில் சூடான சரிவுகளில் காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கின் கீழிருந்து பலமான காற்று ஏறி வரும். தரைக்கு அருகில் அது திடீரெனக் குறையும் என்று இங்கே ஒருவர் எச்சரித்திருந்தார், அதனால் கடைசி வரை வேகத்தை விடவில்லை. அவருக்குத் தனியாக நன்றி. கோலுக்கு, அதாவது பந்தயம் முடியும் இடத்துக்கு, 6 கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட்டேன். நாளை மழையாம், அப்புறம் வானம் தெளிந்தால் மறுநாள் பறக்கிறோம்.