அப்டேட்: டிவிடி பிளேயர்ல கலர் வந்துருச்சு

சவுண்டு நல்லா வருது ஆனா படம் மட்டும் கருப்பு வெள்ளையா உருண்டுட்டே ஓடுதுன்னு கேட்டிருந்தேன்ல, அது சரியாயிடுச்சு. லென்ஸ் மாத்தணும்னு கடைல சொன்னாங்க, ஆனா லென்ஸ் போனா படம் கட்டம் கட்டமா உடையும், இல்ல டிஸ்க்கையே படிக்காது, கலர் மட்டும் எப்படி போகும்? செட்டப் மெனுல டிவி டைப் என்டிஎஸ்சின்னு (NTSC, ஒரு வகை டிவி சிக்னல்) இருந்துச்சு, எங்க பழைய டிவி பால் (PAL)ங்கிற இன்னொரு வகையை மட்டும்தான் எடுக்கும், பாலுக்கு மாத்தினதும் பளிச்னு வந்துருச்சு. பால்னா படத்துல 576 கோடு, செகண்டுக்கு 25 ஃபிரேம், நம்மூர்ல இதுதான். என்டிஎஸ்சி 480 கோடு, கிட்டத்தட்ட 30 ஃபிரேம், அமெரிக்கா ஜப்பான் பக்கம். ரீஜன் கோடு (டிஸ்க் எந்த நாட்டுப் பக்கம் ஓடணும்னு குறிக்கிற நம்பர்) வேற விஷயம், இந்தியாவுக்கு 5, அது ஒத்துவரலைன்னா டிஸ்க்கே ஓடாது. அப்புறம் மஞ்சள் வயர்ல டிவிய மாட்டியிருந்தா ப்ரோக்ரெசிவ் ஸ்கேன (எல்லா கோட்டையும் ஒரே தடவைல காட்டுற செட்டிங்) தொடாதீங்க, நிறைய பிளேயர்ல படமே வராம போயிடும்.