ஐட்லிங்குக்கு 'வெற்றோட்டம்' சரிவராது

அண்ணைமார், அக்காமார்,

ரெயில் எஞ்சின் புகைக் கட்டுப்பாட்டுக் கலைச்சொல் பட்டியல் பாத்தன், முக்கால்வாசி எனக்கு ஓகே. 'துணிக்கைகள்', 'நைதரசன் ஒட்சைட்டு' எல்லாம் எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்திலயே கிடக்கிறது, அதில கை வைக்கத் தேவையில்லை. ரியர் (Tier) எண்ட கட்டுப்பாட்டுக் கட்டத்துக்குப் 'படிநிலை' போட்டதும் நல்லது, 0 இலயிருந்து 4 வரைக்கும் இலக்கம் ஏற ஏறக் கட்டுப்பாடு இறுகுது எண்டது அதில விளங்கும். என்ர பிரச்சினை, வண்டியை இழுக்காமல் எஞ்சின் ஸ்ரார்ட்டில கிடக்கிறதுக்குப் போட்ட இந்தச் சொல்தான்:

> ஐட்லிங் = வெற்றோட்டம்

இதில ஓட்டமும் இல்லை, வெறுமையும் இல்லை. யாழ்ப்பாணம் ஸ்ரேசனில ரெயில் நிக்கேக்க எஞ்சினுக்குக் கிட்ட நிண்டு பாத்தவைக்குத் தெரியும், ஒரு சில்லும் அசையாது, ஆனா பிளாட்போம் காலுக்குக் கீழ அதிரும், புகைபோக்கிக்கு மேல வெக்கை அலையடிக்கும், திடீரெண்டு ஒரு பக்கத்தால காத்து 'புஸ்' எண்டும். அந்த நேரம் எஞ்சின் பிரேக்குக்குக் காத்து அடிச்சு வைக்குது, பற்றரி சார்ஜ் பண்ணுது, அதை எப்பிடி வெறும் எண்டுறது. அமெரிக்காவில இன்னொரு காரணமும் இருக்கு, அங்க கனக்க எஞ்சினுகளில குளிராக்கிறதுக்கு உறைதடுப்பி விடாத தண்ணிதான், உறைஞ்சால் எஞ்சின் வெடிச்சுப்போகும் எண்டு பனிக்காலத்தில நிப்பாட்டாமலே விடுவினம். எங்கட வெயிலுக்கு அந்தச் சாட்டுச் சொல்ல ஏலாது.

1954 இல கனடாவிலயிருந்து எங்கட ரெயில்வேக்கு வரத் தொடங்கின எம்2 மாதிரி ஈரடிப்பு (two-stroke) எஞ்சினெண்டால் கதை இன்னும் மோசம். கன நேரம் லோட் இல்லாமல் நிண்டால் எரியாத ஒயில் புகைபோக்கி வழியில சேந்து கிடக்கும், பிறகு வெளிக்கிட்டு லோட் ஏறேக்க அவ்வளவையும் நீலப் புகையாக் கக்கும். ஆக நிண்ட நேரத்தின்ர புகை ரெயில் ஸ்ரேசனை விட்டாப் பிறகும் வருது.

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின்ர 2008 விதியும் இதைத்தான் பிடிக்குது. புது எஞ்சின் 30 நிமிசத்துக்கு மேல இப்பிடி நிண்டால் தானா ஓஃப் ஆக வேணும், பிரேக் காத்து, பற்றரி மாதிரித் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. நிண்டுகொண்டு எரிக்கிறதுதான் குற்றம், அதால 'நின்றெரிப்பு' போடுவம். நின்றெரிப்பு நேரம், நின்றெரிப்பு வரம்பு, நின்றெரிப்புத் தடுப்பி எண்டு இழுக்கவும் வசதி.

——

தம்பி, சொல் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு விசயம்.

ஒண்டு, பாடத்திட்டத்தில அகத்தகன எஞ்சின் எண்டுதான் படிப்பிக்கிறம். அப்ப 'நிலைத்தகனம்' எண்டு வரவேண்டாமோ?

மற்றது கொஞ்சம் பாரமானது. டிரைவர் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கைபிடியில எட்டு நொச் (படி) இருக்கு, அதுக்கும் கீழ இருக்கிறதுக்கும் ஐட்ல் எண்டுதான் பேர். இறக்கத்தில ரெயில் தன்பாட்டில உருளேக்க டிரைவர் அதிலதான் விடுவார், அப்ப நிக்கேல்லையே. அதே முகவரகம் புகை அளக்கிற கணக்கில தூரப் பயண எஞ்சினுக்கு 38 வீதம், யார்ட்டில பெட்டி தள்ளி மாத்துற சண்டிங் எஞ்சினுக்கு 59.8 வீதம் எண்டு நேரம் ஒதுக்கியிருக்கிறது இந்தக் கைபிடி நிலைக்கு. சில்லு உருளுதோ இல்லையோ எண்டு அது பாக்காது. உம்மட சொல்லை அந்த அட்டவணையில போட்டால் பிழைச்சுப் போகும்.

——

ஐயா, 'தகனம்' போட்டால் சனத்துக்குக் கோம்பயன்மணல் சுடலைதான் ஞாபகம் வரும், அதை விடுவம் :) வகுப்பில கிடக்கட்டும், ரெயிலுக்கு வேண்டாம்.

ரெண்டாவதுக்கு ரெண்டு சொல்லாப் பிரிக்கிறதுதான் வழி. கைபிடி நிலைக்குத் 'தாழ்சுழல்' போடுவம், எஞ்சின் ஆகக் குறைஞ்ச வேகத்தில சுத்துறது அதில வருது, சில்லைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. 38, 59.8 அட்டவணைக்கு அது. 30 நிமிச விதிக்கு, ஸ்ரேசன் பக்கத்து வீட்டுக்காரர் எழுதப்போற முறைப்பாட்டுக்கு நின்றெரிப்பு. காருக்கும் பஸ்சுக்கும் இதே ரெண்டும் போகும், கொடிகாமத்தில பஸ்சை ஸ்ரார்ட்டில விட்டிட்டு பிளேன்டீ குடிக்கிறவைக்கும் சேத்து.

ஆருக்கும் மறுப்பு இல்லையெண்டால் பட்டியலில ரெண்டு வரியா ஏத்துங்கோ. கையோட ரீமனுஃபக்சருக்குப் போட்டிருக்கிற 'திருத்தம்' எண்டதையும் தூக்குங்கோ. அந்த விதியில சிலிண்டர் செட் முழுக்க ஐஞ்சு வருசத்துக்குள்ள மாத்தினால், இல்லாட்டிச் சோதிச்சுச் சரியெண்டு உறுதிப்படுத்தினால் அந்தப் பேர், பழைய எஞ்சினைப் புதுக் கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டாற வாசலே அதுதான். ஒரு வோஷர் மாத்துறதும் திருத்தம்தானே. 'மீளாக்கம்' எப்பிடி?