ஐஸ் போடாத ஸ்மூதி: மலைநாட்டு வீடுகளில் சின்ன பிளெண்டர், உங்கள் அனுபவம் என்ன?

கொட்டகலை டீச்சர்:

ஒரு ஆளுக்கு அளவான சின்ன பிளெண்டர் இப்போது நம்ம பக்கமும் வந்துவிட்டது. கோப்பையை நிரப்பி, கத்தி உள்ள மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து ஒரு அமுக்கு அமுக்கினால் சுற்றுமே, அதுதான். குவைத்திலிருந்து வரும் பெட்டியில் ஒன்று, கல்யாணப் பரிசில் ஒன்று என்று வந்து சேர்கிறது. முதல் மாதம் மேசையில் இருக்கும், அப்புறம் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். ஏறாமல் வைத்திருப்பவர்கள் என்ன அடித்துக் குடிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடியோக்களில் எல்லாம் ஒரு கை ஐஸ் போடு, உறையவைத்த வாழைப்பழம் போடு என்கிறார்கள். கொழும்பு வெயிலுக்கு அது சரி. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாங்கள் அதற்குக் கொஞ்சம் கீழே. தை மாதக் காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தாலே விறைக்கிறது. இதில் ஐஸ் போட்டு யார் குடிப்பது? "நெஞ்சுச் சளி வைக்கிறதுக்கா இத வாங்கின?" என்று மாமி கேட்டார். நியாயமான கேள்வி.

ஆனால் ஐஸை விட்டுவிட்டால் ஸ்மூதி சப்பென்று தண்ணியாகிவிடும். ஐஸும் உறைந்த பழமும் குளிர்ச்சிக்கு மட்டும் போடுவதில்லை, கெட்டியாவதற்கும்தான். அந்தக் கெட்டியை வேறு ஏதாவது தரவேண்டும். நமக்கு அது பட்டர்புரூட். நன்றாகப் பழுத்ததில் பாதி, காய்ச்சி ஆறவைத்த பால் ஒரு கோப்பை, கித்துள் பனையில் எடுக்கும் இனிப்புப் பாணி ஒரு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, நிறம் கறுக்காமல் இருக்க ரெண்டு சொட்டு தேசிக்காய். அடிக்கும்போது பச்சைக் கட்டிகள் கோப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் காற்றுக் குழி விழுந்து, மோட்டர் சத்தம் மட்டும் ஏறும், உள்ளே ஒன்றும் அசையாது. அப்போது விடாமல் அமுக்கிக்கொண்டு நிற்கக்கூடாது. கோப்பையைக் கழற்றி ரெண்டு குலுக்கு, கொஞ்சம் பால் கூட, திரும்ப வை. உடனே சத்தம் தணிந்து, எல்லாம் ஒரே நிறமாகி வழவழவென்று இறங்கும். அந்தப் பதத்தில் நிறுத்தவேண்டும்.

பட்டர்புரூட் இல்லாத காலத்தில் ஊறவைத்த அவல் போடுகிறேன். வாழைப்பழமும் அவலும் சேர்ந்தால் பிள்ளைகளுக்குப் பத்து மணி வரை பசிக்காது. சரி, நீங்கள் சொல்லுங்கள். கடை விளம்பரம் மட்டும் வேண்டாம்.

வெலிமடைக்காரன்:

டீச்சர், எங்கள் பக்கம் மரத்தக்காளிதான் ராஜா. வேலியோரம் காய்த்துக் கொட்டுகிறது, விலைக்கும் போகாது. தோலோடு போட்டால் கசக்கும். கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்தால் தோல் கையோடு உரிந்துவரும். உள்ளே இருக்கும் சிவப்புச் சதையையும் விதையையும் அப்படியே போடலாம், நன்றாகப் புளிக்கும், சீனி கேட்கும். கூட ஒரு துண்டு கேரட் போட்டுப் பாருங்கள். கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து லொறி லொறியாகக் கேரட் கீழே போகிறது, நம்ம வீட்டில் அது கறிக்கும் சம்பலுக்கும் மட்டும் என்று வைத்திருக்கிறோம். கேரட்டைத் துருவிப் போடவேண்டும். முழுத் துண்டாகப் போட்டால் இந்தச் சின்ன மெஷினுக்கு வேலை மீறிப் போகும்.

பேஷன்புரூட்டுக்கு ஒரு தனி எச்சரிக்கை. விதையோடு போட்டு ஒரேயடியாக ஓட்டினால் விதை உடைந்து, கறுப்புப் பொடியாகக் கலந்து, பல்லில் மண் கடிபடும். தொட்டுத் தொட்டு மூன்று நாலு அமுக்கு போதும். சதை விதையை விட்டுப் பிரிந்துவிடும். அப்புறம் வடிகட்டி, மற்றப் பழங்களோடு சேர்த்து அடிக்கலாம். விளாம்பழத்துக்கு நான் பிளெண்டரைத் தொடவே மாட்டேன். கையால் பிசைந்து, கருப்பட்டி போட்டு, தேங்காய்ப்பாலில் கரைத்தால் வரும் ருசி எந்தக் கத்திக்கும் வராது. இதில் எனக்கும் என் மகளுக்கும் ஒத்துப்போகாது.

மஸ்கெலியா மைனா:

பப்பாசியும் பாலும் சேர்த்து அடித்து, காலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய், சாயங்காலம் வந்து குடித்தால் வேப்பெண்ணெய் கசப்பு கசக்கிறது. எங்கள் வீட்டில் எல்லோரும் பால்மா கெட்டுப்போனது என்கிறார்கள். வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

ஒரு குடும்ப நல உத்தியோகத்தர்:

மைனா, பால்மா மேல் பழி போடாதீர்கள். பப்பாசியில் பப்பேன் என்று ஒரு நொதி இருக்கிறது, அன்னாசியில் புரோமலேன். இரண்டும் பாலின் புரதத்தை உடைக்கும். உடையும்போது வருகிறதுதான் அந்தக் கசப்பு. அடித்தவுடனே குடித்தால் அவ்வளவு தெரியாது, வைத்தால் ஏறிக்கொண்டே போகும். இந்த இரண்டு பழங்களுக்கும் பாலை விட்டுவிட்டுத் தேங்காய்ப்பால் அல்லது வெறும் தண்ணீர் நல்லது. அன்னாசியைக் கொஞ்சம் வேகவைத்துவிட்டால் நொதி செத்துவிடும், பிறகு பாலோடு சேரும்.

நான் இதைப் படிக்க வந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் வீடு வீடாகப் போகும்போது இரத்தச்சோகை உள்ள தாய்மாரை அடிக்கடி பார்க்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், அதைத் தேத்தண்ணியோடு விழுங்குகிறார்கள். தேயிலையில் உள்ள தனின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளாமல் தடுக்கும், விற்றமின் சி எடுத்துக்கொள்ள உதவும். ஒரு வீட்டில் கட்டாரிலிருந்து வந்த பிளெண்டர் பெட்டியோடு கிடந்தது. "அக்கா, இத வச்சி என்ன செய்யிறது, கரண்ட் பில் ஏறுமே" என்றாள் அந்தத் தங்கச்சி. லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கொய்யா மரம் இருந்தது. ரெண்டு கொய்யாப்பழம், ஒரு கை வல்லாரை, தண்ணீர், கொஞ்சம் சீனி. கொய்யாவின் விதை கடிபடும், அதனால் வடிகட்டச் சொன்னேன். மாத்திரையை அதோடு போடு, தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடி என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது கேட்காமலே ஒரு கோப்பை எனக்கும் வந்தது. மாத்திரைக்குப் பதில் ஸ்மூதி என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். மாத்திரை மாத்திரைதான்.

டீச்சர் சொன்ன கித்துள் பாணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீரிழிவு உள்ளவர்களுக்குக் கித்துள் ஒன்றும் செய்யாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அதுவும் சீனிதான், கணக்கில் சேரும். பழத்தை அடித்துக் குடிக்கும்போது, கடித்துத் தின்பதைவிட எத்தனையோ மடங்கு வேகமாக உள்ளே போய்விடும். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை பழச்சாறும் ஸ்மூதியும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 மில்லிலீட்டருக்கு மேல் வேண்டாம் என்கிறது. இந்தப் பிளெண்டரின் பெரிய கோப்பை அதைவிட மூன்று நாலு மடங்கு பெரிது. ஒரு கோப்பை அடித்தால் வீடே பங்குபோட்டுக் குடியுங்கள்.

ஹட்டன் திருத்துகிறவன்:

கரண்ட் பில் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். 2022 ஆகஸ்டில் கட்டணத்தைச் சராசரியாக 75 வீதம் ஏற்றியதிலிருந்து சுவிட்ச் போடவே எல்லாருக்கும் பயம். கணக்குப் பார்ப்போம். 900 வாட் மெஷின் ஒரு நிமிஷம் ஓடினால் 15 வாட்மணி. அறுபது முறைக்கு மேல் அடித்தால்தான் ஒரு யூனிட். உங்கள் பில்லை ஏற்றுவது தண்ணி சூடாக்கும் கொயிலும் அயனும். பிளெண்டர் பாவம்.

என் மேசைக்கு இந்த மெஷின்கள் வருவது அனேகமாக ஒரே மாதிரிக் காரணங்களுக்குத்தான். கத்திக்கு அடியில் உள்ள சீல் தேய்ந்து, பழச்சாறு பெயாரிங்குக்குள் இறங்கி, கிறீச் என்று கத்தும். சிலர் மோட்டர் பகுதியையே குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவிவிட்டுக் கொண்டுவருவார்கள், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. இன்னொன்று, நிறுத்தாமல் ஓட்டுவது. இந்தச் சைஸில் உள்ள மோட்டர் சின்னது, அதிவேகமாகச் சுற்றுவது, தொடர்ந்து ஓட்டுவதற்குச் செய்ததல்ல. கூட வரும் புத்தகத்திலேயே ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓட்டாதே என்று இருக்கும். கருகிய வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். சாயங்காலம் எல்லா வீட்டிலும் அடுப்பும் லைட்டும் ஏறும்போது தோட்டப் பக்கம் வோல்டேஜ் படுத்துவிடும், அந்த நேரத்தில் கட்டியான சாமான் போட்டு முக்கவைக்காதீர்கள்.

போடும் வரிசையும் முக்கியம். ஜாடி உள்ள பெரிய பிளெண்டரில் கத்தி அடியில் இருக்கும், அதனால் தண்ணி முதலில். இந்தச் சின்னதைக் கவிழ்த்துத்தானே வைக்கிறோம், கத்தி வாய்ப் பக்கம் வரும். அதனால் கட்டியானதை முதலில் போட்டு, மெதுவானதை அப்புறம், தண்ணியோ பாலோ கடைசியில். கவிழ்த்தவுடன் தண்ணி கத்திக்குப் போகும், சுற்றல் சுகமாக ஆரம்பிக்கும். அளவுக் கோட்டைத் தாண்டி நிரப்பவேண்டாம்.

தலவாக்கலை தம்பி:

அண்ணே, சித்தப்பா கனடாவிலிருந்து ஒன்று கொண்டுவந்திருக்கிறார். தட்டை முள் பிளக். டவுனில் ஒரு அடப்டர் வாங்கிப் போட்டால் சரிதானே?

ஹட்டன் திருத்துகிறவன்:

போடாதே தம்பி! அடப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், கரண்டை மாற்றாது. கனடாவில் 120 வோல்ட், நமக்கு 230. குத்தினால் ஒரு நொடி பேய்வேகத்தில் சுற்றி, அப்புறம் புகை. அப்படி வந்த மெஷினைத் திறந்து பார்த்தால் செப்புக்கம்பி கறுத்துப் போயிருக்கும், என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார். 220-240 என்று இருந்தால் பயமில்லை, 120 என்று மட்டும் இருந்தால் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்போர்மர் வேண்டும். 900 வாட்டுக்குத் தாங்கும் டிரான்ஸ்போர்மர் தூக்கவே கனமாக இருக்கும், விலைக்கு இங்கேயே ஒரு பிளெண்டர் வாங்கிவிடலாம். வளைகுடாவிலிருந்து வருவதில் இந்தத் தொல்லை குறைவு, கட்டார், குவைத் எல்லாம் 240 வோல்ட், சதுர முள்.

பேராதனை போர்டிங் பையன்:

எங்கள் அறையில் ஹொட்பிளேட் கூடாது, கேத்தல் கூடாது, போர்டிங் ஆன்ட்டி மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதனால் போன் சார்ஜரில் சார்ஜ் ஆகும் போத்தல் பிளெண்டர் வாங்கினேன். பழுத்த வாழைப்பழம், பால்மா, தண்ணீர், ஊறிய ஓட்ஸ், இதற்கு நன்றாக வேலை செய்கிறது. பாதி பழுத்த மாங்காய்த் துண்டு போட்டால் கத்தி நின்று சிவப்பு லைட் மினுங்கும். அதன் பலம் அவ்வளவுதான். கரண்ட் போன நாட்களில் கை கொடுத்தது. 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறையில் குரங்கு ஒன்று மின்சாரக் கிரிட் நிலையத்தில் பாய்ந்து நாடு முழுக்க இருட்டானதே, அன்றைக்கு எங்கள் மாடியில் நான்தான் பணக்காரன்.

ஆனால் இதில் லிதியம் பெட்டரி இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம். அமெரிக்காவில் பிளெண்ட்ஜெட் 2 என்ற பிரபலமான மாடலை 2023 டிசம்பரில் திரும்பப் பெற்றார்கள், கிட்டத்தட்ட 48 லட்சம் மெஷின். சூடேறித் தீப்பிடிக்கலாம், கத்தி உடைந்து கழன்று வரலாம் என்று காரணம் சொன்னார்கள். பேரே இல்லாத மலிவு போத்தல்களை அப்படித் திரும்பப் பெற யாரும் வரமாட்டார்கள். நான் தூங்கும்போது சார்ஜில் போடுவதில்லை.

பதுளை அப்பத்தா வீட்டுப் பேத்தி:

சூட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எங்கள் அப்பத்தாவுக்கு விடியற்காலை இலைக்கஞ்சி வேண்டும். வல்லாரை, சாத்தாவாரி, சிவப்பரிசி, தேங்காய்ப்பால். முன்பு அம்மியில் இலையை அரைத்துப் பிழிவார், இப்போது கை வலி. அண்ணி இலையைப் பிளெண்டரில் அடித்துக் கொடுத்தார், அதுவரை எல்லாம் நல்லபடி. ஒரு நாள் கஞ்சியில் சோறு கட்டியாக இருக்கிறது என்று, கொதித்த கஞ்சியையே கோப்பையில் ஊற்றி மூடிவிட்டார். ஜாடி பிளெண்டரின் மூடியில் ஆவி போக வழி இருக்கும். இந்தக் கோப்பையில் ஒரு துளை கிடையாது. சூட்டில் ஆவி அடைபட்டு, கத்தி சுற்றும் உரசலில் இன்னும் சூடேறி, திருகித் திறந்த மறுநிமிஷம் கஞ்சி கூரைவரை போனது. அண்ணியின் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. அன்றைக்கு முகத்துக்கு நேரே திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இப்போது செய்வது இப்படி: இலையைக் குளிர்ந்த தண்ணீரோடு அடித்து வடிகட்டி வைத்துக்கொள்வோம். கஞ்சி தனியாக அடுப்பில் வேகும். இறக்குவதற்குச் சற்று முன்னால்தான் இலைச்சாறும் தேங்காய்ப்பாலும். நிறமும் பச்சையாக நிற்கும். அப்பத்தா மட்டும், "அம்மி வாசம் வரல" என்று ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டுத்தான் குடிப்பார்.

கொட்டகலை டீச்சர்:

அண்ணிக்கு நடந்ததைப் படித்து வயிறு கலங்கிவிட்டது. காய்ச்சிய பாலை நன்றாக ஆறவிட்டே ஊற்றுங்கள் என்று நானும் திரும்பச் சொல்கிறேன், வெதுவெதுப்பு என்றாலும் பொறுங்கள். அம்மி வாசத்துக்கு மருந்தில்லை.

ஹட்டன் அண்ணனுக்கு ஒரு கேள்வி. வைகாசியிலிருந்து மழை பிடித்தால் எங்கள் பக்கம் துணியே காய்வதில்லை. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் கறுத்துப் புள்ளி விழுந்து, பூஞ்சண வாடை அடிக்கிறது. கழுவியும் போகவில்லை. என்ன செய்யலாம்?

ஹட்டன் திருத்துகிறவன்:

டீச்சர், வளையத்தை மூடியோடு சேர்த்துக் கழுவினால் போகாது. கரண்டிக் காம்பு மாதிரி மழுங்கிய ஒன்றால் நெம்பி வெளியே எடுங்கள். அதன் அடிப்பள்ளத்தில்தான் பழ நார் சிக்கி இருக்கும். சவர்க்காரம் போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, துணியால் துடைத்து, தனியாகவே காயவிடுங்கள். அடுப்பு மேடையில் வைத்தால் ரப்பர் கோணிவிடும், பக்கத்தில் எங்காவது தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மூடியைத் திருகி வைக்கவே கூடாது, கோப்பையும் மூடியும் பிரிந்தே இருக்கட்டும். கறுப்பு உள்ளே இறங்கிவிட்டால் வளையத்தை மாற்றத்தான் வேண்டும். வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் தடிப்பு கொஞ்சம் மாறினால் ஒழுகும்.