பழைய ஸ்பெயின் கூடைப்பந்து ஜெர்சி: எந்தக் காலத்தது?

ஸ்பெயினின் இரண்டாம் நிலை ஆண்கள் கூடைப்பந்து லீக் ஜெர்சி ஒன்று கிடைத்திருக்கிறது. எந்த ஆண்டுடையது என்றுதான் பிடிபடவில்லை.

போன மாதம் மாட்ரிட், எல் ராஸ்ட்ரோ சந்தையில் வாங்கினேன். பச்சை நிறம், எண் 11. கிளப் பெயர் உரிந்துவிட்டது, தோளில் 'லெப்' (LEB, அந்த லீக்கின் சுருக்கப் பெயர்) முத்திரை மட்டும் மிச்சம். அவ்வளவு அழகான தையல், பெயர் தெரியாமல் விட மனசில்லை.

லெப் தொடங்கியது 1996. அதற்குக் கீழே 2000-ல் லெப் 2 வந்தது. மேலே இருந்த லெப் 2007-ல் 'லெப் ஓரோ' என்று பெயர் மாறி, 2024-ல் பிரிமேரா ஃபெப் ஆனது. 'ஓரோ' இல்லாததால் 2007-க்கு முந்தையது என்று நினைக்கிறேன்.

லேபிளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், வெளுத்துப்போயிருக்கிறது. படத்தை வைத்துத் தேடியும், பழைய அணிப் படங்களோடு ஒப்பிட்டும் பயனில்லை.

2000-க்கு முந்தைய லெப் முத்திரையையும் பிந்தையதையும் எதை வைத்துப் பிரித்தறிவது?