குரல்வளை இறங்கியதால்தான் பேச்சு வந்ததா?

வெட்டிப்பேச்சு: "குரல்வளை கீழே இறங்கியது மனிதனுக்கு மட்டும்தான், அதனால்தான் மொழி பிறந்தது" என்று நேற்று ஒரு மேதை இந்த இணைய மன்றத்தில் அடித்து விட்டிருக்கிறார். செம்மானுக்கும் இறங்கியிருக்கிறது சார்! 2001லேயே ஃபிட்ச், ரெபி என்ற ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஆண் மான் கத்தும்போது குரல்வளையை மார்பெலும்பு வரைக்கும் இழுக்கும். அது எந்த மொழி பேசுகிறதாம்?

தர்க்கப்புயல்: அந்த மேதை நான்தான். பெயரைச் சொல்லக்கூட தைரியம் இல்லையா? லீபர்மேன் என்ற ஆய்வாளர் 1969லேயே குரங்கின் தொண்டையை வைத்துக் கணக்குப் போட்டார். நம் உயிரொலிகள் அதில் வராது. பிறந்த குழந்தைக்கும் குரல்வளை மேலேதான். இறங்க இறங்கத்தான் பேச்சு.

எறும்பு: அந்தக் கணக்கு பழசு. 2016ல் உயிருள்ள மக்காக் குரங்குகளை எக்ஸ்ரே வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். அந்தத் தொண்டையே பேச்சுக்குப் போதுமாம். இல்லாதது மூளைதான். குரல்வளைத் தசைகளை இயக்க மூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து நேராக வரும் நரம்பிணைப்பு நமக்கு இருக்கிறது, மக்காக்குக்கு இல்லை. ஆமாம், நீங்கள் இருவரும் சொல்வது பேச்சையா, மொழியையா?

வெட்டிப்பேச்சு: அதெல்லாம் அப்புறம். மானுக்குப் பதில் எங்கே?

தர்க்கப்புயல்: மான், மான், மான்! வேறு எதுவும் படிக்கவில்லையா? மான் இறக்குவது உடம்பைப் பெரிதாகக் காட்ட.

வெட்டிப்பேச்சு: அப்படியானால் "மனிதனுக்கு மட்டும்" என்பது பொய்தானே? பேச்சோடு தொடர்புடைய ஃபாக்ஸ்பி2 மரபணுவைப் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான். எலிக்கும் அது உண்டு என்றதும் ஆளையே காணோம்.

தர்க்கப்புயல்: காணோமா? மூன்று பதில் போட்டேன். நீக்கியது யார் என்று ஊருக்கே தெரியும். அந்த மரபணு கெட்டுப்போன லண்டன் குடும்பத்தில் பாதிப்பேருக்கு வாய் சொன்னபடி கேட்கவில்லை. அதைச் சொன்னேனா இல்லையா?

எறும்பு: நிகராகுவாவில் 1980களில் காதுகேளாப் பிள்ளைகள் தாங்களே ஒரு சைகைமொழியை வளர்த்தெடுத்தார்கள். அதில் குரல்வளைக்கு என்ன வேலை?

தர்க்கப்புயல்: தம்பி, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே.

எறும்பு: தம்பியா? நான் இங்கே சேர்ந்தது உங்களுக்கு முன்னால். வயசைக் காட்டி வாயடைக்காதீங்க.

தர்க்கப்புயல்: சைகை வேறு, பேச்சு வேறு. குரல்வளை இறங்காமல் பேச முடியுமா? ஒரே கேள்வி. நேற்றிலிருந்து கேட்கிறேன்.

வெட்டிப்பேச்சு: கிளி பேசுகிறதே, அதற்கு ஒலி வருவதே குரல்வளையில் இல்லை.

தர்க்கப்புயல்: மான் போய் இப்போது கிளியா! நாளைக்கு எது? கேட்டதற்கு மட்டும் பதில் வராது. குரல்வளை இறங்காமல் பேச முடியுமா?

வெட்டிப்பேச்சு: முதலில் மானுக்குப் பதில் சொல்லுங்க.