சின்ன மீனுக்கு எந்த ஃபில்லெட் கத்தி? பாதிச் சதை முள்ளோடயே போகுது

கேள்வி:
நான் சுத்தம் பண்றதெல்லாம் ஒரு சாண் நீள மீன்தான். முள்ளை விட்டுச் சதையை மட்டும் தனியா எடுக்கணும். கையில இருக்கிறது 8 இன்ச் சமையல் கத்தி. செவுளுக்குப் பின்னாடி வெட்டி, வால் பக்கமா ஓட்டினா நடுமுள்ளை விட்டு மேல ஏறிடுது. வாங்கலாம்னு பார்த்தா 6, 7, 9 இன்ச்னு இருக்கு, அதுலயும் வளையுறது, வளையாததுன்னு வேற. எதை எடுக்கலாம்?

பதில் 1:
6 இன்ச் போதும். 9 இன்ச் பெரிய மீனுக்கு. சாண் மீன்ல அதோட நுனி எங்க போகுதுன்னே தெரியாது, குடலைக் குத்திடும். சமையல் கத்திக்கு அலகு அகலம், முதுகும் தடிமன். முள்ளோட ஒட்டிப் படுக்காது, அதான் ஏறுது.

ஒண்ணு கேக்கணும். செதில் சுரண்டுறதும் தலை வெட்டுறதும் இதே கத்தியிலயா?

கேட்டவர்:
ஆமாங்க, எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான். ஏன்?

பதில் 1:
அப்ப புதுசு வாங்கினாலும் சீக்கிரமே இதே கதைதான். ஃபில்லெட் கத்தியோட வாய் ரொம்ப மெல்லிசு. செதில்ல தேய்ச்சா மடங்கும், தலை எலும்புல போட்டா பல்லு விழும். செதிலுக்கு ஸ்பூன் விளிம்பு போதும், வால்லேருந்து தலைப் பக்கமா சுரண்டுங்க. தலைக்குப் பழைய கத்தியே இருக்கட்டும்.

பதில் 2:
வளையணும்னு சொல்றாங்களேன்னு ரொம்ப வளையுறதை எடுத்துடாதீங்க. நான் அப்படி வாங்கி ஏமாந்தேன். விலா முள்கிட்ட வந்ததும் கத்தி அது இஷ்டத்துக்கு நெளிஞ்சுது. பலகையில நுனியை வச்சு லேசா அழுத்திப் பாருங்க. கொஞ்சம் வளைஞ்சு, விட்டதும் நேரா நின்னா சரி.

அதைவிட நான் முதல்ல பார்க்கிறது பிடியைத்தான். மீன் கொழுப்பும் தண்ணியும் சேர்ந்தா கை எப்படி வழுக்கும்னு உங்களுக்கே தெரியும். சொரசொரப்பான பிடி, விரல் வாய்ப்பக்கம் சறுக்காம முன்னால ஒரு தடுப்பு, ரெண்டும் வேணும். பளபளன்னு மெருகு போட்ட மரப்பிடி படத்துல அழகு, அவ்வளவுதான். கார்பன் ஸ்டீல் சுலபமா கூராகும். ஆனா கழுவிட்டு உடனே துடைக்கலைன்னா துரு. சோம்பேறிக்கு ஸ்டெயின்லெஸ். எனக்கும் அதுதான்.

கேட்டவர்:
பழைய கத்தியையே தீட்டி, செதிலை ஸ்பூன்ல எடுத்துப் பார்த்தேன். பாதிப் பிரச்சனை போச்சு. வால்கிட்ட மட்டும் இன்னும் ஏறுது. 6 இன்ச் ஒண்ணு வாங்கிடறேன். ஆனா வளையுற கத்தியைக் கல்லுல எப்படித் தீட்டுறது?

பதில் 1:
1000 கிரிட் (கல்லோட சொரசொரப்பு அளவு) கல் போதும். தீட்டுற இடத்துக்கு நேர் மேல, அலகுல ரெண்டு விரலை லேசா வச்சு, கூடவே நகர்த்துங்க, வளையாது. அழுத்தினா சாய்வு மாறிடும். வாய் கல்லுக்கு வெளிய நீட்டிட்டு இருக்கும்போது மட்டும் விரலைக் கீழ இறக்காதீங்க. என் கட்டைவிரல்ல இன்னும் தழும்பு இருக்கு.